இயங்குதளத்தைக் கட்ட வேண்டியவர் யார்?

2023 ஜனவரியில் சென்னை ஐஐடியைச் சார்ந்து வளர்ந்த நிறுவனம் ஒன்று 'பார்ஓஎஸ்' என்னும் கைப்பேசி இயங்குதளத்தை அறிமுகப்படுத்தியது. அதே ஆண்டு ஆகஸ்டில், பாதுகாப்பு அமைச்சகத்தின் கணினிகளில் விண்டோஸுக்கு மாற்றாக 'மாயா' என்ற இயங்குதளம் நிறுவப்படவிருக்கும் செய்தி வெளியானது. இவற்றுக்குப் பதினாறு ஆண்டுகள் முன்னதாகவே, 2007இல், சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் 'பாஸ்' என்ற இயங்குதளத்தை வெளியிட்டிருந்தது. பார்ஓஎஸ் ஆண்ட்ராய்டின் திறந்த மூலநிரலையும், மாயா உபுண்டுவையும், பாஸ் டெபியனையும் அடிப்படையாகக் கொண்டவை. ஆகவே இத்தகைய அறிவிப்பு வரும்போதெல்லாம் ஒரே வழக்கு மீண்டும் எழுகிறது. இது சுதேசிப் படைப்பு என்று ஒரு தரப்பு பெருமிதம் கொள்ளும். பிறர் எழுதியதற்குப் பெயர் மாற்றியிருக்கிறார்கள் என்று மறுதரப்பு எள்ளி நகையாடும்.

இரு தரப்பும் கேட்பது 'எழுதியவர் யார்' என்ற ஒரே கேள்வியைத்தான். 'கட்டியவர் யார்', 'வேறொருவரால் அதை மீண்டும் கட்ட முடியுமா' என்னும் கேள்விகள் அவ்வழக்கில் இடம்பெறுவதே இல்லை. இயங்குதளங்களின் அரைநூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாற்றைப் பார்த்தால், அதிகாரமும் நம்பிக்கையும் கல்வியும் மோதிக்கொண்ட இடம் பெரும்பாலும் எழுதுதல் அன்று, கட்டுதலே என்பது தெளிவாகும்.

கட்டுதல் என்பது எது? மனிதர் படித்துப் புரிந்துகொள்ளும் வடிவில் எழுதப்படுவது மூலநிரல். கணினியின் செயலி அதனை நேரடியாக அறியாது. கம்பைலர் எனப்படும் நிரல்பெயர்ப்பி மூலநிரலை இயந்திரநிரலாக மாற்ற வேண்டும். மாற்றிய துண்டுகளை இணைத்து, உரிய இடத்தில் அமர்த்தி, இயங்கும் நிலைக்குக் கொண்டுவருவது வரையிலான முழு வேலையும் கட்டுதல் எனப்படும். பயனரின் கையில் வந்து சேருவது பெரும்பாலும் இயந்திரநிரல் மட்டுமே. அது எந்த மூலத்திலிருந்து, எந்தக் கருவியால், யாருடைய கணினியில் கட்டப்பட்டது என்பதை அதைப் பார்த்த மாத்திரத்தில் எவராலும் சொல்ல இயலாது.

ஆக்கியவரே கட்டிய காலம்

1969இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் உள்ள பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சன் யூனிக்ஸின் முதல் வடிவத்தை எழுதத் தொடங்கினார். அவருக்குக் கிடைத்த பிடிபி-7 என்னும் சிறிய கணினியில் நிரலாக்கத்துக்கு வேண்டிய கருவிகள் இல்லை. எனவே தொடக்கக்கால நிரல்கள் ஜிஇ-635 என்னும் பெரிய கணினியில் தயாராகி, துளையிட்ட காகித நாடாவில் பிடிபி-7க்குக் கொண்டுசெல்லப்பட்டன. சில காலத்தில் யூனிக்ஸின் மேலேயே இயங்கும் கருவிகள் எழுதப்பட்டன. அதன்பின் அந்தக் காகித நாடாவுக்குத் தேவை இல்லாமல் போயிற்று. ஓர் இயங்குதளம் தன்னைத் தானே கட்டிக்கொள்ளும் நிலையை அடைவது அதன் முதிர்ச்சிக்கு ஓர் அடையாளம் என்று கருதும் வழக்கம் இன்றுவரை நீடிக்கிறது.

1973இல் யூனிக்ஸின் கெர்னல் சி மொழியில் திருத்தி எழுதப்பட்டது. 1974இல் டென்னிஸ் ரிட்சியும் தாம்ப்சனும் எழுதிய ஆய்வுக்கட்டுரை வெளியானதும் பல்கலைக்கழகங்கள் அதனைக் கேட்டுப் பெறத் தொடங்கின. தாய் நிறுவனமான ஏடி அண்ட் டி 1956இல் அரசுடன் செய்துகொண்ட நீதிமன்ற உடன்பாட்டின்படி தொலைத்தொடர்புக்கு வெளியே வணிகம் செய்ய இயலாத நிலையில் இருந்தது. யூனிக்ஸை விற்பனைப் பண்டமாக நடத்த முடியாததால், சிறு கட்டணத்துக்கு மூலநிரலோடு காந்த நாடாவில் வழங்கினார்கள். பழுது வந்தால் உதவி கிடையாது. பெற்றவர்களே படித்து, திருத்தி, மீண்டும் கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. அக்காலத்தில் 'யார் கட்ட வேண்டும்' என்று எவரும் கேட்கவில்லை. பயன்படுத்துபவர் கட்டத் தெரிந்தவராக இருந்தே தீர வேண்டும் என்பது எழுதாத விதி.

ஆசிரியர் எடுத்த நிலைப்பாடு

இந்தக் கட்டாயத்தைக் கல்வியாக மாற்றியவர் சிட்னியில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜான் லயன்ஸ். யூனிக்ஸின் ஆறாம் பதிப்பு 1975இல் வெளிவந்தது. அதன் கெர்னல் மூலநிரல் ஏறத்தாழ 9,000 வரிகள் மட்டுமே. ஒரு மாணவர் ஒரு பருவத்தில் முழுமையாகப் படித்து முடிக்கக்கூடிய அளவு அது. லயன்ஸ் அந்நிரலை வரி எண்களோடு அச்சிட்டு, அதற்குத் தனி நூலாக உரையும் எழுதித் தம் மாணவர்களுக்குக் கொடுத்தார். மூலமும் உரையும் அருகருகே இருந்து கற்கப்படும் மரபு தமிழ்ப் படிப்பாளிகளுக்குப் புதிதன்று. கணினித் துறைக்கு அது அன்று புதிது.

அந்நிரலில் ஓரிடத்தில், ஒரு பணியிலிருந்து இன்னொரு பணிக்குச் செயலி மாறும் நுணுக்கமான பகுதியில், இதை வாசகர் புரிந்துகொள்வார் என எதிர்பார்க்கவில்லை என்ற பொருளில் ஒரு குறிப்பு இருந்தது. அது செருக்கு என்று பலர் எண்ணினர். தேர்வில் இதைக் கேட்கமாட்டோம் என்ற தொனியில் எழுதப்பட்டதே அது என்று ரிட்சி பின்னர் விளக்கினார். ஆயினும் உலகெங்கும் மாணவர்கள் அந்த இடத்தையே தேடிச் சென்று படித்தார்கள்.

1979இல் ஏழாம் பதிப்பு வந்தபோது நிலைமை மாறியது. யூனிக்ஸின் வணிக மதிப்பை உணர்ந்த நிறுவனம், மூலநிரலை வகுப்பில் பாடமாக வைக்கக்கூடாது என்று உரிமத்தில் விதித்தது. லயன்ஸின் உரைநூல் அச்சுக்கு வர வழியில்லாமல் போயிற்று. அதன் பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அந்நூல் ஒளிநகல்களாகவே கைமாறியது. நகலின் நகலின் நகல் என்று எழுத்து மங்கும்வரை பெருகியது. 1996இல்தான் அது முறையாக நூலாக வெளிவந்தது. இந்த இடைக்காலத்தில் படித்த தலைமுறைக்கு இயங்குதளம் என்பது கரும்பலகையில் வரையப்பட்ட கட்டங்களும் அம்புகளும் மட்டுமாக இருந்தது.

இந்தத் தடைக்கு விடையாக, ஆம்ஸ்டர்டாமின் வ்ரீஜே பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ தனன்பாம் முற்றிலும் புதிதாக ஓர் இயங்குதளத்தை எழுதினார். 1987இல் பாடநூலோடு வெளிவந்த 'மினிக்ஸ்' ஏழாம் பதிப்பு யூனிக்ஸைப் போலவே நடந்துகொண்டது. ஆனால் அதில் ஏடி அண்ட் டியின் ஒரு வரிகூட இல்லை. ஏறத்தாழ 12,000 வரிகள் நூலின் பின்னிணைப்பாக அச்சிடப்பட்டிருந்தன. பயனர்கள் புதுப்புது வசதிகளைச் சேர்க்கும்படி வற்புறுத்தியபோதும், மாணவர் படித்து முடிக்கும் அளவைத் தாண்டக்கூடாது என்பதில் தனன்பாம் பிடிவாதமாக இருந்தார்.

லயன்ஸும் தனன்பாமும் ஒரே நிலைப்பாட்டை வேறுவேறு வழிகளில் கொண்டிருந்தனர். இயங்குதளத்தைக் கட்ட வேண்டியவர் மாணவர். அன்றாடப் பயனுக்காக அன்று, அது மனிதர் எழுதியது, மனிதர் திருத்தக்கூடியது என்பதை ஒருமுறையேனும் தம் கையால் அறிவதற்காக.

உரிமையாக மாறிய கட்டுதல்

ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் தனன்பாமின் நூலைப் படித்தவர். மினிக்ஸை வாங்கித் தம் கணினியில் நிறுவியிருந்தார். 1991 செப்டம்பரில் அவர் வெளியிட்ட லினக்ஸின் முதல் வடிவம் ஏறத்தாழ 10,000 வரிகள் கொண்டது. அது தன்னைத் தானே கட்டிக்கொள்ளும் நிலையில் அப்போது இல்லை. அதைக் கட்ட மினிக்ஸ் வேண்டும். நிரல்பெயர்ப்பியோ ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதிய ஜிசிசி. காகித நாடாவின் இடத்தை இம்முறை ஓர் ஆசிரியரின் பாட இயங்குதளமும் ஒரு கட்டற்ற நிரல்பெயர்ப்பியும் பிடித்திருந்தன.

ஸ்டால்மன் 1983 செப்டம்பரில் குனு திட்டத்தை அறிவித்தபோது முழு இயங்குதளமே குறிக்கோள். ஆயினும் கெர்னலை அவர் முதலில் தொடவில்லை. நிரல் எழுதும் பதிப்பியையும், 1987இல் வெளிவந்த நிரல்பெயர்ப்பியையும், அவற்றைச் சார்ந்த கருவிகளையுமே முதலில் உருவாக்கினார். வீடு கட்டுமுன் உளியும் சுத்தியலும் செய்துகொண்டதைப் போன்றது அது. கட்டும் கருவி பிறர் கையில் இருக்கும்வரை மூலநிரல் கையில் இருந்தும் பயன் குறைவு என்பதே அந்த வரிசையின் உட்பொருள்.

1991இல் வெளியான குனு பொது உரிமத்தின் இரண்டாம் பதிப்பில் இது சட்ட மொழியிலேயே இடம்பெற்றது. அவ்வுரிமத்தின்படி 'முழுமையான மூலநிரல்' என்பது நிரல் வரிகளோடு முடிவதில்லை. அவற்றைக் கட்டுவதையும் நிறுவுவதையும் இயக்கும் துணைநிரல்களும் அதில் அடங்கும். படிக்கக் கொடுத்துவிட்டுக் கட்ட முடியாமல் வைத்திருப்பது அந்த வரையறையின்படி மூலநிரலைக் கொடுத்ததாகாது.

அதிலும் ஓர் இடைவெளி இருந்தது. டிவோ என்னும் தொலைக்காட்சிப் பதிவுக் கருவி லினக்ஸைப் பயன்படுத்தியது. அதன் மூலநிரலையும் வெளியிட்டது. ஆனால் பயனர் அதைத் திருத்திக் கட்டி அக்கருவியில் ஏற்றினால், நிறுவனத்தின் மின்கையொப்பம் இல்லை என்று கருவி அதை இயக்க மறுத்தது. படிக்கும் உரிமை இருந்தது, கட்டும் உரிமை இருந்தது, கட்டியதைச் சொந்தக் கருவியில் இயக்கும் உரிமை இல்லை. 2007இல் வந்த மூன்றாம் பதிப்பு இந்த இடைவெளியை அடைக்க முயன்றது. லினக்ஸ் கெர்னல் இரண்டாம் பதிப்பிலேயே நின்றுவிட்டது. இன்று விற்கப்படும் கைப்பேசிகள் பலவற்றில் உரிமையாளரே தாம் கட்டிய இயங்குதளத்தை ஏற்ற முடியாமல் இருப்பதற்கும் இந்த வரலாற்றுக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

வேலைப் பிரிவினையும் அதன் எதிர்வினையும்

மூலநிரல் யாவர்க்கும் கிடைக்கத் தொடங்கிய அதே காலத்தில், அதைக் கட்டுவோர் தொகை சுருங்கவும் தொடங்கியது. 1993இல் ஸ்லாக்வேர், டெபியன் ஆகிய வழங்கல்கள் தோன்றின. பல்லாயிரம் மென்பொருள்களைத் திரட்டி, கட்டி, ஒன்றோடொன்று இசையச் செய்து, ஆயத்தப் பொதிகளாகக் கொடுப்பது வழங்கல்களின் பணி. டெபியனில் ஒவ்வொரு பொதிக்கும் ஒரு பராமரிப்பாளர் பொறுப்பேற்றார். பயனர் ஓர் ஆணையிட்டால் போதும், பொதி வந்து சேரும். மாவரைக்கும் ஆலை வந்தபின் வீட்டுத் திருகை ஓரமாகப் போனதைப் போல, மூலத்திலிருந்து கட்டும் பழக்கம் பெரும்பாலோரிடமிருந்து நீங்கிற்று. இதை இழப்பு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. கணினி அறியாத இலட்சக்கணக்கானோர் கட்டற்ற மென்பொருளைப் பயன்படுத்த முடிந்தது இந்தப் பிரிவினையால்தான்.

எதிர்வினைகளும் எழுந்தன. 1999இல் ஜெரார்ட் பீக்மன்ஸ் 'லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச்' என்ற நூலைத் தொடங்கினார். அது வழங்கல் அன்று, வழிகாட்டி. படிப்பவர் ஏற்கெனவே இயங்கும் ஒரு கணினியில் தற்காலிகக் கருவித்தொகுதி ஒன்றைக் கட்டுகிறார். பின்னர் அத்தொகுதிக்குள் புகுந்து, அதைக்கொண்டே இறுதி இயங்குதளத்தை ஒவ்வொரு பொதியாகக் கட்டுகிறார். பழைய கணினியின் எச்சம் புதியதில் ஒட்டாமல் பார்த்துக்கொள்வதே இந்த இருகட்டச் சுற்றின் நோக்கம். முடிவில் கிடைக்கும் இயங்குதளத்தை அன்றாடம் பயன்படுத்துவோர் சிலரே. ஆனால் எந்தப் பொதி எதைச் சார்ந்து நிற்கிறது என்பதை அவர்கள் அதன்பின் மறப்பதில்லை.

2002இல் முதல் நிலையான வடிவம் கண்ட ஜென்டூ இதையே அன்றாட வாழ்வாக்க முயன்றது. ஒவ்வொரு மென்பொருளும் பயனரின் கணினியிலேயே, அவருடைய செயலிக்கும் தேவைக்கும் ஏற்ப, மூலத்திலிருந்து கட்டப்பட்டது. பெரிய பொதிகள் சில முடிய இரவெல்லாம் கணினி ஓடிக்கொண்டிருக்கும். வேகம் கூடும் என்ற நம்பிக்கையில் வந்தவர்களுக்குக் கிடைத்த ஆதாயம் பெரும்பாலும் கட்டுவதில் கழிந்த நேரத்துக்கு ஈடாகவில்லை. வேண்டாத வசதிகளை நீக்கி வேண்டியதை மட்டும் கட்டிக்கொள்ளும் கட்டுப்பாட்டுக்காக வந்தவர்களே நிலைத்தார்கள். 2023 டிசம்பரில் ஜென்டூவும் ஆயத்தப் பொதிகளைப் பெருமளவில் வழங்கத் தொடங்கியது. கட்ட விரும்புவோர் கட்டலாம், மற்றோர் எடுத்துக்கொள்ளலாம் என்ற இடத்துக்கு அது வந்து சேர்ந்தது.

ஏட்டில் நுழைந்த இடைச்செருகல்

இதுவரை சொல்லப்பட்ட எல்லாரும் ஓர் எண்ணத்தை ஐயமின்றி ஏற்றிருந்தனர். மூலநிரலைப் படித்து, தாமே கட்டினால், கிடைப்பது நம்பத்தக்கது என்பதே அது. இந்த எண்ணம் பிழை என்று, யூனிக்ஸை முதலில் எழுதிய தாம்ப்சனே நிறுவியிருந்தார்.

ரிட்சியுடன் பகிர்ந்து பெற்ற 1983ஆம் ஆண்டின் டூரிங் விருதுக்கான உரையில் அவர் ஒரு வழியை விவரித்தார். அது 1984இல் அச்சாயிற்று. நிரல்பெயர்ப்பியில் ஒரு சூழ்ச்சியைப் புகுத்தலாம். கடவுச்சொல்லைச் சோதிக்கும் நிரலைப் பெயர்க்கும்போது மட்டும், அது இரகசிய வாயில் ஒன்றைச் சேர்த்துவிடும். நிரல்பெயர்ப்பியின் மூலநிரலைப் படிப்பவர் இதைக் கண்டுபிடித்துவிடுவார் அல்லவா? எனவே இரண்டாவது சூழ்ச்சி. நிரல்பெயர்ப்பி தன்னுடைய மூலநிரலையே பெயர்க்கும்போது, இவ்விரு சூழ்ச்சிகளையும் தானே மீண்டும் சேர்த்துக்கொள்ளும். அதன்பின் மூலநிரலிலிருந்து அவற்றின் சுவடுகளை அழித்துவிடலாம். மூலம் தூயது. அதிலிருந்து கட்டப்படும் ஒவ்வொன்றும் நஞ்சு கலந்தது. நிரல்பெயர்ப்பியின் மூலம் முழுவதையும் வரி விடாமல் படித்தவருக்கும் அதில் ஒன்றும் தென்படாது.

சுவடிகளோடு பழகியவர்களுக்கு இந்தச் சிக்கலின் வடிவம் அறிமுகமானதே. ஏட்டைப் பார்த்துப் பெயர்த்தெழுதியவர் தம் கருத்தை ஓரிடத்தில் நுழைத்துவிட்டால், அந்தப் படியிலிருந்து கிளைத்த படிகள் அனைத்திலும் அது மூலபாடம் போலவே அமர்ந்துவிடும். ஒரே ஏட்டை எவ்வளவு கவனமாகப் படித்தாலும் இடைச்செருகல் பிடிபடாது. பிடிபட வேண்டுமானால், வேறு ஊரில், வேறு மரபில், வேறொருவர் எழுதிய படி வேண்டும். உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்ததற்குப் பின்னால் இருந்த உழைப்பின் பெரும்பங்கு, பல இடங்களிலிருந்து படிகளைத் தேடி ஒன்றோடொன்று ஒப்பிட்டதில்தான் கழிந்தது. தனி ஒருவரின் நேர்மையைக் காட்டிலும் சார்பற்ற படிகளின் ஒற்றுமை வலுவான சான்று என்பது பாடவியலின் அடிப்படை.

கணினித் துறை இந்த அடிப்படையை வந்தடையக் காலம் பிடித்தது. 2005இல் டேவிட் வீலர் ஓர் ஆய்வுக்கட்டுரையில் முன்வைத்து, 2009இல் முனைவர்ப் பட்ட ஆய்வேடாக விரித்த முறை ஏறக்குறைய படி ஒப்பீடேதான். ஐயத்துக்குரிய நிரல்பெயர்ப்பியின் மூலநிரலை, அதோடு தொடர்பற்ற வேறொரு நிரல்பெயர்ப்பியால் கட்டுவது முதற்படி. அவ்வாறு கிடைத்ததைக் கொண்டு அதே மூலத்தை மறுபடி கட்டுவது இரண்டாம் படி. முடிவில் கிடைப்பது, ஐயத்துக்குரியது தன்னைத் தானே கட்டியபோது கிடைத்ததோடு கடைசி பிட்டு வரை ஒத்திருந்தால், மூலத்தில் இல்லாத எதுவும் அதில் நுழையவில்லை என்று கொள்ளலாம். இரு நிரல்பெயர்ப்பிகளிலும் ஒரே சூழ்ச்சி ஒளிந்திருந்தால் மட்டுமே இந்த ஒப்பீடு தோற்கும்.

இம்முறைக்கு ஒரு முன்நிபந்தனை உண்டு. ஒரே மூலத்தை இருவர் கட்டினால் ஒரே விளைவு வர வேண்டும். நடைமுறையில் அப்படி வருவதில்லை. கட்டிய நேரம், கோப்புறையின் பெயர், கோப்புகள் படிக்கப்படும் வரிசை, கணினியின் மொழி அமைப்பு ஆகியவை எல்லாம் இயந்திரநிரலுக்குள் கசிந்துவிடுகின்றன. 2013 முதல் டெபியனில் வலுப்பெற்ற 'மீள்கட்டுமானம்' என்னும் முயற்சி, இந்தக் கசிவுகளை ஆயிரக்கணக்கான பொதிகளில் ஒவ்வொன்றாகத் தேடி அடைக்கும் பொறுமையான வேலை. டார் உலாவியின் ஆக்குநர்களும் அதே காலத்தில் இதை மேற்கொண்டனர். இந்த வேலையால் பயனருக்குக் கண்ணில் படும் புதுவசதி ஏதும் கிடைப்பதில்லை. தாம் பெற்ற பொதி அறிவிக்கப்பட்ட மூலத்திலிருந்தே வந்தது என்று வேறொருவர் சரிபார்த்துச் சொல்ல முடியும் என்ற உறுதி மட்டும் கிடைக்கிறது.

இதன் எல்லையைத் தொட்டுப் பார்த்தது கிக்ஸ் திட்டம். முதல் நிரல்பெயர்ப்பியைக் கட்டிய நிரல்பெயர்ப்பி எங்கிருந்து வந்தது என்ற கேள்வியைப் பின்னோக்கித் துரத்திச் சென்று, 2023 ஏப்ரலில் 357 பைட்டு அளவே உள்ள ஒரு விதைநிரலில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அத்தனை சிறிய நிரலை ஒருவர் பைட்டு பைட்டாகக் கையால் சரிபார்த்துவிடலாம். அதிலிருந்து படிப்படியாக ஜிசிசி வரை ஏறிவர முடிகிறது. அப்போதும் அந்த விதையை இயக்க ஒரு கெர்னலும் சில துணைக்கருவிகளும் முன்கூட்டியே வேண்டியிருக்கின்றன. அடிமட்டம் நெருங்கியிருக்கிறது, முற்றிலும் எட்டப்படவில்லை.

அரை நொடித் தாமதம்

2024 மார்ச் 29 அன்று இந்த வரலாறு முழுவதும் ஒரே நிகழ்வில் வந்து குவிந்தது. ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட் என்னும் பொறியாளர் டெபியனின் 'நிலையற்ற' வழங்கலில் தரவுத்தளம் ஒன்றின் வேகத்தை அளந்துகொண்டிருந்தார். தொலைவிலிருந்து உள்நுழையும் எஸ்எஸ்எச் சேவை வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை நொடி தாமதிப்பதைக் கண்டு, காரணத்தைத் தேடினார். கோப்புகளைச் சுருக்கும் 'எக்ஸ்இசட்' என்ற சிறு மென்பொருளின் 5.6.0, 5.6.1 வடிவங்களில் இரகசிய வாயில் ஒன்று புகுத்தப்பட்டிருந்தது. பல மாதங்கள் பொறுமையாகப் பங்களித்து, களைத்திருந்த ஒற்றைப் பராமரிப்பாளரின் நம்பிக்கையைப் பெற்றுப் பொறுப்பில் அமர்ந்த ஒருவரின் கைவேலை அது.

அந்தச் சூழ்ச்சி ஒளிந்திருந்த இடமே இங்கு முக்கியம். சோதனைக்கான தரவுக் கோப்புகள் என்ற பெயரில் அதன் உடல் பொதுக் களஞ்சியத்தில் கிடந்தது. அதை உயிர்ப்பிக்கும் கட்டுமானத் துணைநிரல் வரி களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக்கென்று தனியே சுருக்கி வைத்த மூலநிரல் தொகுப்பில் மட்டும் இருந்தது. அதுவும் டெபியன் அல்லது ஆர்பிஎம் வகைப் பொதியாகக் கட்டப்படும்போது மட்டுமே விழித்துக்கொண்டது. களஞ்சியத்தைப் படித்தவருக்கு அது தெரியாது. வெளியீட்டுத் தொகுப்பிலிருந்து நேர்மையாகப் பொதி கட்டிய பராமரிப்பாளர் தம் கையாலேயே அதைக் கட்டிக்கொடுத்தார். 'மூலத்திலிருந்து கட்டினேன்' என்ற சொற்றொடரில் எந்த மூலம் என்ற கேள்வி ஒளிந்திருப்பதை அந்நிகழ்வு வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. ஏட்டுக்கும் படிக்கும் உள்ள உறவை ஆராயாமல் பதிப்பித்தவருக்கு நேரும் பிழையே இங்கும் நேர்ந்தது.

யார் கட்ட வேண்டும்?

இந்த வரலாற்றிலிருந்து ஒற்றை விடை கிடைக்காது. மூன்று வேறு விடைகள் கிடைக்கின்றன.

மாணவர் ஒருமுறையேனும் கட்ட வேண்டும். ஆனால் அவர் கட்ட வேண்டியது முழு லினக்ஸை அன்று. இன்றைய லினக்ஸ் கெர்னல் 3 கோடி வரிகளுக்கு மேற்பட்டது. லயன்ஸ் கையில் எடுத்த நிரலைப் போல மூவாயிரம் மடங்குக்கும் மேல். அதைப் படித்து முடித்தவர் என்று எவரும் இருக்க முடியாது. எனவேதான் எம்ஐடி 2006இல் ஆறாம் பதிப்பு யூனிக்ஸை அடியொற்றி 'எக்ஸ்வி6' என்ற சிறு இயங்குதளத்தைப் பாடத்துக்கென்று எழுதியது. அது இந்தியத் தொழில்நுட்பக் கல்விக்கூடங்கள் சிலவற்றிலும் கற்பிக்கப்படுகிறது. கோழிக்கோடு என்ஐடியில் உருவான 'எக்ஸ்பிஓஎஸ்' பாடத்தில் மாணவர்களே ஓர் எளிய பாவனைக் கணினிக்கான இயங்குதளத்தைக் கட்டம் கட்டமாக எழுதி முடிக்கிறார்கள். 1979இல் மூடப்பட்ட கதவு இன்று திறந்தே கிடக்கிறது. கட்டங்களும் அம்புகளும் மட்டுமே வரையப்படும் வகுப்புகள் இனியும் தொடர்ந்தால் அதற்கு உரிமத்தைக் காரணம் காட்ட இயலாது.

சாதாரணப் பயனர் கட்ட வேண்டியதில்லை. தானே நூற்றுத் தானே நெய்து உடுத்த வேண்டும் என்று எல்லாரையும் கட்டாயப்படுத்துவது நியாயமாகாது. ஆனால் கட்டும் உரிமையும், கட்டியதைத் தம் கருவியில் இயக்கும் உரிமையும் அவரிடம் இருக்க வேண்டும். அவர் அதைப் பயன்படுத்தாமலே இருக்கலாம். அவர் சார்பில் வேறொருவர் பயன்படுத்தக்கூடும் என்பதே அவருக்குக் காப்பு.

பொறுப்பில் இருக்கும் நிறுவனம் கட்டியே தீர வேண்டும். ஓர் அமைச்சகமோ வங்கியோ பல்கலைக்கழகமோ பல்லாயிரம் கணினிகளில் ஓர் இயங்குதளத்தை ஏற்றுமானால், அதைச் சொந்தக் கட்டமைப்பில், தன் ஊழியர்களைக்கொண்டு, அறிவிக்கப்பட்ட மூலத்திலிருந்து கட்டும் திறன் அதற்கு வேண்டும். இது மலிவான வேலை அன்று. ஆண்ட்ராய்டின் மூலநிரலை இறக்கிக் கட்டுவதற்கே 400 ஜிபி வட்டு இடமும் 64 ஜிபி நினைவகமும் வேண்டும் என்று கூகுள் அறிவுறுத்துகிறது. வன்பொருளின் செலவு அதில் சிறுபங்கு. எக்ஸ்இசட் நிகழ்வில் பலவீனமாக இருந்த கண்ணி ஒரு மனிதரின் களைப்பு. தாம் சார்ந்திருக்கும் சிறு மென்பொருள்களின் பராமரிப்பாளர்களுக்குத் துணைநிற்காத நிறுவனம், எவ்வளவு கட்டினாலும், பிறருடைய களைப்பின் மேல்தான் கட்டுகிறது.

இந்த இடத்தில் சுதேசி பற்றிய வழக்கு வேறு உருவம் கொள்கிறது. டெபியனையோ ஆண்ட்ராய்டையோ அடிப்படையாகக் கொள்வதில் இழிவு ஏதுமில்லை. டோர்வால்ட்ஸும் மினிக்ஸின் மேல் நின்றே கட்டினார். சென்னையில் கட்டப்பட்ட ஓர் இயங்குதளத்தை, அதே மூலத்தைக் கொண்டு, அதைச் சாராத இன்னொரு குழு திருவனந்தபுரத்திலோ குவாஹாத்தியிலோ கட்டிப் பார்த்து, இரண்டும் பிட்டு மாறாமல் ஒத்திருப்பதை வெளியிட முடிந்தால், அதன் மேல் நம்பிக்கை வைக்கக் காரணம் உண்டு. அது முடியாதபோது, ஒவ்வொரு வரியும் இந்நாட்டிலேயே எழுதப்பட்டிருந்தாலும், பயனரின் கையில் இருப்பது ஒரே ஓர் ஏடுதான். அடுத்த சுதேசி இயங்குதளம் அறிவிக்கப்படும் நாளில் மேடையில் இருப்போரிடம் கேட்கத்தக்க முதல் கேள்வி, இதை உங்களைத் தவிர வேறு யார் கட்டிப் பார்த்திருக்கிறார்கள் என்பதே.